துவாதசிக்குப் பறித்த அகத்தி

விஜயநகர், மைசூர்
3-5-1982

அன்புள்ள அன்னம்,

நீயும் கனகாவும் சாமராஜநகர் போய்ப் பத்து நாளாகிறது. போய்ச் சேர்ந்த விவரத்துக்கு உன் அண்ணா வைத்யநாதன் ஒரு கார்டு போட்டார். நீ ஒரு வரி எழுதவில்லை. கோபம் என்று தெரியும். ஆனாலும் குழந்தை சாப்பிடுகிறாளா, கை நடுக்கம் நின்றதா என்று தெரியாமல் எனக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை ஓடவில்லை.

நடந்ததை இன்னொரு தரம் எழுதிவிடுகிறேன். அகத்தி மரத்தைப் பச்சைப் புழு மொட்டையடித்துக்கொண்டிருந்தது. ஏகாதசியன்று சாயங்காலம் நீ கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பூச்சிமருந்து அடித்தேன். உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். எனக்கு ஏகாதசியும் தெரியாது, துவாதசியும் தெரியாது. விடிந்ததும் உபவாசத்தை முடிக்க நீ அந்த மரத்துக் கீரையைத்தான் பறிப்பாய் என்பது தோன்றவே இல்லை. நீங்கள் இருவரும் வாந்தியெடுத்து விழுந்தபோது மருந்துச் சீசாவையும் கையோடு எடுத்துக்கொண்டுதானே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதனால்தான் தாமதமில்லாமல் வைத்தியம் பார்க்க முடிந்தது என்று டாக்டரே சொன்னார். அதையாவது நினைத்துப் பார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மரத்தை வெட்டிவிடுகிறேன். ஜூன் ஒன்றாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் வந்துவிடுங்கள்.

உன்,
ஸ்ரீகண்டன்


சாமராஜநகர்
7-5-1982

கனகாவின் அப்பாவுக்கு அன்னபூர்ணி நமஸ்காரம்.

குழந்தை எழுந்து நடமாடுகிறாள். கை நடுக்கம் நின்றுவிட்டது. ஆனால் பச்சையாக எதைப் போட்டாலும் தட்டைத் தள்ளிவிடுகிறாள். ரசத்தில் ஒரு கொத்தமல்லி இலை மிதக்கக் கூடாது. மன்னி பாவம், வடிகட்டிப் போடுகிறாள்.

மரத்தை வெட்ட வேண்டாம். மரம் என்ன செய்தது? புழுவும் தன் வயிற்றுக்குத்தான் தின்ன வந்தது. மருந்து வேண்டாம், சின்னக் குழந்தை இருக்கிற வீடு என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டீர்களா? விஷமில்லாமல் அந்தப் புழுவை ஒழிக்க வழி உண்டா என்று பாருங்கள். இனி நம் தோட்டத்தில் ஒரு சொட்டு மருந்து விழுந்தாலும் நான் அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன்.

கனகாவை இங்கேயே இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிடலாம், டி.சி. வாங்கி அனுப்பச் சொல் என்கிறார் அண்ணா. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அன்று காலையில் மூன்று பேருக்கும் இலை போட்டேன். மயக்கம் வருவதற்குச் சற்று முன்னால் இலைகளை எடுக்கக் குனிந்தேன். உங்கள் இலையில் மட்டும் கீரை வைத்தது வைத்தபடி இருந்தது. ஏன்?

அன்னபூர்ணி


விஜயநகர், மைசூர்
13-5-1982

அன்புள்ள அன்னம்,

உன் கடிதம் வந்தது. கனகாவின் கை சரியானதைப் படித்ததும் சுவாமிக்கு விளக்கேற்றினேன். ஆமாம், நான்தான். சிரிக்காதே.

மரத்தை வெட்டவில்லை. எதிர்ப்புறம் வீடு கட்டுகிறார்கள் அல்லவா, அங்கே ஹனூரிலிருந்து நாச்சம்மாள் என்று ஓர் அம்மாள் சித்தாள் வேலைக்கு வந்திருக்கிறாள். ஊரில் நிலம் உள்ளவள். நான் மரத்தடியில் அண்ணாந்து நிற்பதைப் பார்த்துவிட்டு அவளாகவே வந்தாள். மருந்தடித்த கதையைச் சொன்னேன். "புழுவைக் கொல்றேன்னு ஊட்டையே கொல்லப் பாத்தீங்களா, சாமி?" என்று கேட்டுவிட்டாள்.

அவள் சொற்படிதான் இப்போது எல்லாம். மருந்து பட்ட கிளைகளை முழுக்கக் கழித்து, ஆடு மாடு வாய் வைக்காதபடி ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். பம்பு எட்டாத உச்சித் துளிர்களில் மறுபடியும் புழு வந்தது. விடியற்காலையில் ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சோப்புத் தண்ணீர் வாளியில் போடுகிறேன். துளிரிலேயே முட்டையிட்டு வைத்திருக்கிறது, கடுகில் பாதிகூட இராது. மூக்குக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. அந்த இலையைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். வேப்பங்கொட்டையை இடித்து ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, துளி சோப்புக் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கிறேன். மருந்தடித்த அந்தப் பழைய பம்பைத் தொடவில்லை, தென்னந்துடைப்பத்தால்தான் தெளிக்கிறேன். மேலெல்லாம் ஒரே கசப்பு நாற்றம். ஒர்க்‌ஷாப்பில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. முதல் நாள் வாளியில் நூறுக்கு மேல் விழுந்தன, நேற்றுப் பதினேழு. மைனாக்களும் திரும்ப வரத் தொடங்கியிருக்கின்றன.

கீரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அன்று எனக்குப் பசி இல்லை. வேறொன்றுமில்லை.

டி.சி. எல்லாம் எதற்கு? வந்துவிடு.

உன்,
ஸ்ரீகண்டன்


சாமராஜநகர்
17-5-1982

கனகாவின் அப்பாவுக்கு,

மோர்க்குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டவருக்குப் பசி இல்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள்.

புழுவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஏணியில் ஏறிப் பொறுக்குகிறவருக்கு, நான் கேட்ட ஒரே கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் ராத்திரியெல்லாம் எதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில், என்ன சாப்பிட்டார்கள் என்று டாக்டர் கேட்க வாயைத் திறக்கும் முன்பே சீசாவை நீட்டினீர்கள். அரை மயக்கத்திலும் அதைப் பார்த்தேன். மறந்துபோனவருக்கு அவ்வளவு சட்டென்று ஞாபகம் வருமா?

டி.சி. வாங்கி அனுப்புங்கள். அண்ணாவுக்காக இல்லை, நானே கேட்கிறேன்.

அன்னபூர்ணி


விஜயநகர், மைசூர்
22-5-1982

அன்னம்,

இதனுடன் டி.சி. வைத்திருக்கிறேன். தலைமையாசிரியை அம்மாள் காரணம் கேட்டார். குடும்பக் காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இனி மறைக்க எதுவும் இல்லை. நான் மறக்கவில்லை. நீ வேண்டாம் என்று சொன்னதைச் செய்தேன், தெரிந்தால் சண்டை போடுவாய் என்று சொல்லாமல் இருந்தேன். அதுவே திருட்டுத்தனம்தான், ஆனால் அத்தோடு முடியவில்லை. காலையில் இலையில் உட்கார்ந்ததும் கீரையைப் பார்த்தேன். பார்த்தவுடன் புரிந்தது. அலம்பியிருப்பாய், வெந்துவிட்டது, அந்தக் கொஞ்சம் மருந்து என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் நாளிலிருந்து பட்டினி கிடந்தவள் முதல் கவளத்தை எடுக்கும்போது எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். நீ சாப்பிட்டாய். குழந்தையும் சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் கை மட்டும் அந்தக் கீரைப் பக்கம் போகவில்லை.

என் உயிருக்குப் பயந்தேன், உங்கள் இருவரின் உயிருக்குப் பயப்படவில்லை. இதைச் சுற்றி வளைத்து வேறு மாதிரி எழுத நாலு தாள் கிழித்துப் போட்டேன். எப்படி எழுதினாலும் இதுதான் நடந்தது.

கனகாவை எங்கே படிக்கவைப்பது என்று நீயே முடிவு செய். நான் வா என்று கூப்பிட மாட்டேன். அந்த யோக்கியதை எனக்கு இல்லை.

ஸ்ரீகண்டன்


சாமராஜநகர்
26-5-1982

கனகாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து மூன்று தரம் படித்தேன். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் உங்கள் கையெழுத்தில் பார்த்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. இன்னும் எரிகிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை.

ஆனால் உங்களை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நான் ஜட்ஜாக உட்கார்ந்திருக்க முடியாது. அன்று கீரை பறிக்கும்போதே எனக்கு மருந்து வாசனை வந்தது. மூக்கில் வைத்து முகர்ந்தும் பார்த்தேன். உங்களை எழுப்பிக் கேட்டிருக்கலாம். துவாதசிப் பாரணைக்கு அன்று ஏழு மணி வரைதான் நேரம். கேட்டால் சண்டை வரும், சண்டையில் நேரம் போய்விடும், ஒரு நாள் பட்டினி வீணாகிவிடும் என்று நினைத்தேன். மூன்று தண்ணீரில் அலம்பி அடுப்பில் ஏற்றினேன். கனகாவுக்கு உபவாசமும் கிடையாது, பாரணையும் கிடையாது. கசக்கிறது அம்மா, வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். புண்ணியம் என்று சொல்லி நான்தான் ஊட்டினேன்.

இத்தனை நாளாக உங்களை அந்தக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்ததே, யாரும் என்னைக் கேட்டுவிடக் கூடாது என்றுதான். அண்ணா உங்களைத் திட்டும்போதெல்லாம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அது உங்களைவிட எந்த விதத்தில் மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

டி.சி.யைத் திருப்பி அனுப்புகிறேன். தலைமையாசிரியை அம்மாளைப் பார்த்து, கனகாவை மறுபடியும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். அதற்கு முன்னால் அண்ணாவிடம் என் பங்கைச் சொல்லிவிடுவேன். சொல்லாமல் பஸ் ஏற மாட்டேன்.

குழந்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சொல்வோம்.

அன்னம்