மரியெட் வாங்கிய புத்தாண்டு மடல்

டீஸ்ட்,
நவம்பர் 14

அன்பு மகள் ஆன்லீஸுக்கு,

அம்மா எழுதுவது. நானும் பூனையும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் மழை வருவதை எனக்கு முன்னால் தெரிந்துகொள்கிறது. நீயும் என் பேத்தி லோட்டேக் குட்டியும் டொராண்டோ குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்கு மஞ்சள் செவ்வந்தித் தொட்டி வைத்தேன், உன் பங்குக்கும் சேர்த்துப் பெரிதாகவே வாங்கினேன். கூரை ஒழுகிய இடத்தைப் பக்கத்து வீட்டு ரெனே அடைத்துக் கொடுத்தார், "சரியாயிடுச்சான்னு அடுத்த மழையில தெரியும்" என்றார், அடுத்த மழையில் தெரிந்தது.

போன வாரம் இரண்டு நாள் புரூஜ் போய் வந்தேன். தனியாக இல்லை, மரியெட்டுடன். எந்த மரியெட் என்று கேட்காதே, யோரிஸின் அம்மாதான். கடிதத்தைக் கீழே போடாமல் முழுதும் படி. அந்தக் குடும்பத்தின் பேச்சே நம் வீட்டில் கூடாது என்று நீ சொன்னது நினைவிருக்கிறது, உன் புருஷனாக இருந்தவனைப் பற்றி இதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத மாட்டேன். ஆனால் எனக்கும் அவளுக்கும் ஒரே ரொட்டிக் கடை, ஒரே கோயில், அவளைப் பார்க்காமல் நான் எந்தப் பக்கம் திரும்புவது? சம்பந்திகளாக இருந்தவரை வாங்க போங்க என்றிருந்தோம், உங்கள் விவாகரத்துக்குப் பிறகுதான் வாடி போடி ஆனோம், என்ன செய்வது.

தங்கிய இடம் கால்வாயை ஒட்டி இருந்தது, ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் மரியெட்டின் குறட்டை. காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கட் வைத்ததற்குப் பரிமாறிய பெண்ணிடம் சண்டைக்குப் போனாள். குதிரைவண்டியில் போகலாம் என்றால் "குதிரை பாவம்டி" என்றாள், என் முழங்கால் பாவமில்லையா என்று கேட்டேன். கடைசியில் படகில் போனோம். படகோட்டி மரியெட்டைப் பார்த்து, "தலையைக் குனிங்கம்மா, பாலம் உங்களுக்காக எந்திரிச்சு நிக்காது" என்றான், "எனக்கே சொல்றியா நீ" என்று இவள் வாயாடி முடிப்பதற்குள் தொப்பி தண்ணீரில். அவன் துடுப்பால் எடுத்துப் பிழிந்து கொடுத்தான். அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

இறங்கி வரும் வழியில் ஒரு காகிதக் கடையில் புத்தாண்டு மடல்கள் அதற்குள் வந்துவிட்டிருந்தன. சின்ன வயதில் புத்தாண்டன்று வாழ்த்து எழுதி நாற்காலியில் ஏறி நின்று உன் ஞானத்தாய் ரீட்டா பெரியம்மாவுக்கு வாசிக்கும்போது மூன்றாம் வரியில் அழுதாயே, அதே பொன் ஓரம் போட்ட மடல்கள். நான் பேசிக்கொண்டே நாலு கடை தாண்டிவிட்டேன், பார்த்தால் பக்கத்தில் மரியெட் இல்லை. திரும்பி வந்தால் உள்ளே நின்று மடல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். கடைப்பெண், "பேத்திக்கா? யாருக்கு வாசிக்கப் போறா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். "எனக்குத்தான்" என்றாள் மரியெட். லோட்டேக்கு ஞானத்தாய் அவள்தான், இருந்தாலும் பிள்ளைகள் எழுதிப் பெரியவர்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைக்க வேண்டியதை எந்த ஞானத்தாயாவது தானே போய் வாங்குவாளா? வெளியே வந்ததும், "தன் கழுத்துக்குத் தானே மாலை போட்டுக்கறவளை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று கிண்டல் செய்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஊர் பார்க்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான், நீதான் அனுசரிச்சுப் போகணும்னு உன் பொண்ணுகிட்ட சொன்னேனே, அன்னிக்கே என் வாயை யாராவது தெச்சிருக்கணும். அவ என்னை மன்னிக்க வேண்டாம்டி. ஆனா ஞானஸ்நானத்துல அந்தப் பிள்ளையைக் கையில ஏந்தினவ நான். ரெண்டு வருஷமா அது குரலைக்கூடக் கேக்கல." அந்த வார்த்தைக்காக அவள்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு, அங்கேயே சொன்னேன், "தெரியும், இருக்கட்டும்" என்றாள். அதன் பிறகு கால்வாய் ஓரமாக ஸ்டேஷன் வரை நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லோட்டே என்னோடு போனில் கொஞ்சுகிறாள், அடுத்த தெருவில் ஒருத்தி இப்படி இருக்கிறாள் என்று தெரிந்த பின் அது எனக்குத் தனியாகச் செரிக்கவில்லை ஆன்லீஸ்.

ரயிலில் அந்த மடலை என் பையில் திணித்து, "எங்கயாவது போட்டுடு" என்றாள். இந்த உறைக்குள் போட்டிருக்கிறேன். புத்தாண்டன்று மாலைக் காப்பிக்கு அவளை நம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கு அப்போது காலைதான். எதற்கென்று அவளுக்குத் தெரியாது, ஆகையால் உன் போன் வராவிட்டால் கேக்கைத் தின்றுவிட்டுப் போய்விடுவாள், ஏமாற்றம் என்னோடு போகும். அப்படிச் செய்தாலும் உன்னைக் கோபிக்க மாட்டேன். ஆனால் செய்யாதே. நீ அவளோடு பேச வேண்டாம், முகம்கூடக் காட்ட வேண்டாம். லோட்டேயை நாற்காலியில் ஏற்றி, மடலைக் கையில் கொடுத்து, போனை எதிரே வைத்துவிட்டு நீ அடுத்த அறைக்குப் போய்விடு.

உங்கள் இருவர் நெற்றியிலும் கட்டைவிரலால் சிலுவை போட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள், ஆண்டவர் காப்பார். குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. மறக்காமல் ஒன்று, குழந்தைக்கு நம் மொழியில் எழுதிப் படிக்க வராவிட்டால் கட்டாயப்படுத்தாதே, ஆங்கிலத்திலேயே வாசிக்கட்டும். மரியெட்டுக்கு ஒரு வார்த்தை புரியாது. கடைசி வரை கேட்பாள்.

என்றும் உன்,
அம்மா லுட்கார்ட்