அம்மாவை மேடம் என்று அழைத்த மதியம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள். விசாரிப்பு முடிந்தது, இனி சண்டைக்கு வருகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. ஆறு வருஷம் வேலை பார்த்த ரெஸ்டாரண்டில், விருந்தாளிகள் முன்னால் செஃப்பை எதிர்த்துப் பேசி, ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனவள் உன் தங்கையே இல்லை என்று எழுதியிருக்கிறாய். இந்த மாதக் கடைசிக்குள் அவருக்கு என் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதாவிட்டால் இனி உனக்கும் எனக்கும் பேச்சே இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். முதலில் ஒரு திருத்தம். ஏப்ரனை நான் எறியவில்லை. நான்காக மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் உனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், இப்போது நீ இருக்கும் ஊரில் இவ்வளவு பெரிய வேலை வாங்கித் தந்தவர், உன் வார்த்தையை நம்பித்தான் என்னையும் சேர்த்துக்கொண்டார். எல்லாம் சரி. ஆனால் நடந்ததை நீ அவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறாய். அம்மாவிடம் கேட்டதற்கு, சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா, இவளுக்குத்தான் மூக்கு மேல கோபம் என்று சொன்னாளாம். அம்மா என்றைக்கு உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்? நீ கவலைப்படக் கூடாது என்று போனை எடுத்தாலே பொய் சொல்கிறவள்தானே அவள்.

அம்மா அப்பாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு நீ அங்கே மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தாய். நல்ல மனசோடுதான் செய்தாய், அதில் நான் குறை சொல்லவில்லை. பஸ் ஓட்டிய முப்பது வருஷத்தில் சட்டையைத் தேய்த்துப் போடாத அப்பா அன்றைக்கு இரண்டு முறை தேய்த்தார். ஜன்னலோர மேசை, அதற்குப் பரிமாறுவது என் பொறுப்பு. தெரிந்தவர்கள் வந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அங்கே சட்டம். பெற்றவளை மேடம் என்று கூப்பிட்டேன். அப்பாவை சார் என்றேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மொத்தம் பன்னிரண்டு தட்டு. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு கதை ஒப்பிக்க வேண்டும், அது முடியும்வரை அவர்கள் கரண்டியைத் தொடக் கூடாது. இரண்டாவது தட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கேரட். மூன்று நாள் புகையில் வைத்துப் பக்குவப்படுத்தியது என்று ஒப்பித்தேன். மூணு நாள் வச்சுமா இன்னும் வேகல என்று கேட்டார் அப்பா. கேலி இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவது தட்டை வைத்ததும் அம்மா எழுந்து கழிவறைக்குப் போனாள். அதற்கு மேல் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? ஒருவர் எழுந்தால் அந்த மேசையின் எல்லாத் தட்டும் உள்ளே திரும்ப வேண்டும், குப்பையில் கொட்டிவிட்டு எல்லோருக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். நீ அங்கே இரண்டாவது செஃப்பாக இருந்தபோது கொண்டுவந்த விதி. சூடு இம்மி குறைந்தாலும் அது நம் சாப்பாடே இல்லை என்பாய். அப்பா கரண்டியை வாயருகே கொண்டுபோயிருந்தார், அவர் தட்டையும் எடுத்தேன். நான் எங்கேயும் போகலையேம்மா என்றார். மன்னிக்கணும் சார் என்றேன்.

நான்காவது தட்டில் அம்மா மறுபடி எழுந்தாள். ஆறாவதில் மறுபடி. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள், இப்போது அதை மீறுகிறேன். இரண்டு மாதமாக அவளுக்குக் கால் வீக்கம். நீர் பிரிவதற்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டார், ஆனால் மாத்திரை போட்டால் மணிக்கு இரண்டு தடவையாவது எழுந்தாக வேண்டும். அன்றைக்கு ஒரு நாள் போடாமல் விட்டுவிடலாமா என்றுதான் அவள் கேட்டாள். அப்பா அதட்டிப் போட வைத்தார்.

மூன்றாம் முறை தட்டுகள் திரும்பியதும் செஃப் என்னைக் கூப்பிட்டு, அந்த அம்மாவை அடக்கிக்கொண்டு உட்காரச் சொல் என்றார். அது யார் என்று தெரிந்தேதான் சொன்னார். என்னால் முடியாது என்றேன். அவரே போனார். குனிந்து, மரியாதை துளியும் குறையாமல், இது உங்கள் மகன் ஏற்படுத்திய ஒழுங்கு, அதை நீங்களே கலைக்கலாமா என்று கேட்டார்.

அம்மா தலையாட்டினாள். தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள். ஏழு, எட்டு, ஒன்பது என்று தட்டுகள் போயின, நானும் ஒப்பித்துக்கொண்டே இருந்தேன். ஒன்பதாவது தட்டை வைக்கும்போது அவள் நெற்றியெல்லாம் வியர்வை. மேசைக்கு அடியில் வீங்கிய இரண்டு காலையும் பின்னிக்கொண்டு நடுங்கினாள். உனக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாது என்று, அண்ணா. அறுபத்து மூன்று வயதில். அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா, எழுந்திரு என்று சத்தமாகச் சொன்னேன். நல்ல சாப்பாட்டைக் குப்பையில் கொட்டிவிட்டு அதற்கு ஒழுங்கு என்று பெயர் வேறா என்று செஃப்பைக் கேட்டேன். இன்னும் நாலு வார்த்தையும் கேட்டேன், அதைக் கடிதத்தில் எழுத முடியாது.

அம்மா அந்தக் கட்டடத்தின் கழிவறைக்குப் போகவே மாட்டேன் என்றுவிட்டாள். வெளியே கூட்டி வந்தோம். இரண்டு தெரு தள்ளி, முக்கில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. மதிய வியாபாரம் முடிந்து நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நடத்துகிறவளைத் தெருவே வாய்க்கார அக்கா என்றுதான் கூப்பிடும், அவ்வளவு பேச்சு. ஆனால் அம்மா முகத்தைப் பார்த்தவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆணியிலிருந்து கழிவறைச் சாவியை எடுத்து நீட்டினாள். பின் பக்கம், விளக்கு சுவிட்ச் வெளியே இருக்கு என்றாள்.

அப்புறம் கவிழ்த்த நாற்காலிகளை இறக்கினாள். ஒன்பது தட்டு சாப்பிட்டுவிட்டு வந்தவர் அப்பா, பசிக்குது என்றார்! இருந்த சூப்பைச் சூடு பண்ணி, உருளைக்கிழங்கு வதக்கி, முட்டை பொரித்து, ரொட்டியோடு வைத்தாள். பாதியில் அம்மா எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்று என்னைப் பார்த்தாள், தட்டை எடுத்துவிடுவேனோ என்று. அக்கா இன்னொரு தட்டைக் கவிழ்த்து அம்மாவின் தட்டை மூடினாள். அந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம், அது அவங்களோடது, கை வைக்காதீங்க என்று ஒரு அதட்டல். அம்மா திரும்பி வந்து முழுவதையும் சாப்பிட்டாள். சாப்பாடு கொஞ்சம் ஆறித்தான் இருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

இப்போது அங்கேதான் வேலை செய்கிறேன். ஒரு மேசைக்குக் கால் ஆடும், மழை பெய்தால் சாக்கடை வாடை வரும், அக்கா காலையிலிருந்து என்னைத் திட்டுவாள். முதல் நாள் பழக்க தோஷத்தில் ஒரு பெயிண்டர் முன்னால் நின்று சூப்பின் கதையை ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆறுதும்மா, குடிக்கட்டுமா என்று கேட்டார். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன், பல் தெரியத்தான். அங்கே பல் தெரியச் சிரிக்கக் கூடாதே, ஞாபகம் இருக்கிறதா?

இவ்வளவு கற்றுக்கொண்டு முக்குக் கடையில் தட்டு தூக்குகிறாயே என்பாய். உன் கைப்பக்குவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. உன்னைப் போல் சமைக்க இந்த அக்காவுக்கு ஏழு ஜென்மம் வேண்டும். ஆனால் பசியோடு வருகிறவரைப் பயந்து சாப்பிட வைக்கிற சாப்பாடு எனக்கு வேண்டாம். திரும்பிப் போகவும் மாட்டேன், செஃப்புக்கு ஒரு வரி எழுதவும் மாட்டேன். நீ பேசாமல் இருந்தாலும் சரி. அழுவேன், ஆனால் எழுத மாட்டேன்.

ஆனால் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள்தான் நான். அம்மாவுக்கு முன்னாலிருந்து மூன்று முறை தட்டை எடுத்தது செஃப் இல்லை, என் கை. அதனால் நீ கேட்ட மன்னிப்புக் கடிதத்தை எழுதிவிட்டேன், அம்மாவுக்கு. அதை இத்துடன் உனக்கு அனுப்புகிறேன், இன்னும் அவளிடம் கொடுக்கவில்லை. கடைசியில் என் கையெழுத்து இருக்கிறது. அதன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், அண்ணா.

நீ என்ன எழுதினாலும்,
உன் தங்கைதான்.