வாசுதேவ் பார்க்கும் வரிசை

3 ஜூலை 2006, திங்கள்
சனிக்கிழமை கரண்ட் போனதில் படுத்துவிட்ட சர்வரை லேப் மயில்வாகனம் அண்ணன் இன்றைக்குத்தான் எழுப்பினார். உடனே என் தீஸிஸுக்கான பாலாற்று நிலத்தடி நீர்க் கணக்குகளைக் கிரிட்டுக்கு அனுப்பினேன். எங்கள் கல்லூரி, சென்னை, கோவை, பெங்களூர் என்று நாலு இடத்துச் சர்வர்களை ஒன்றாகக் கட்டியதுதான் கிரிட். எந்தக் கணக்கு எங்கே போகணும், யாருக்குப் பின் யார் என்பதை ஷெட்யூலர் என்ற புரோகிராம் முடிவு செய்யும். ஷெட்யூலர் வாசுதேவ் பொறுப்பு. ஆறு வருஷ சிநேகிதன், சாயங்காலம் காலேஜ் பஸ்ஸில் பையைப் போட்டு எனக்கு இடம் பிடிப்பவன்.

அனுப்பியதெல்லாம் திரும்பி வந்துவிட்டது. ‘ஏற்கப்படவில்லை’ என்று மட்டும் திரையில்.

5 ஜூலை
மறுபடியும் அதே கதை. வெளியூர் சர்வர் உள்ளே விட ஒரு பாஸ் கேட்கும், அரை நாள் செல்லும். நான் ஒவ்வொரு தடவையும் எங்கள் சர்வரில் புது பாஸ் எடுத்து சூட்டோடு சூடாக அனுப்புகிறேன். அப்படியும் திருப்பி அடிக்கிறது. வாசுதேவின் மழைக் கணக்குகள் மட்டும் ஜோராகப் போகின்றன. எப்படி?

கேட்டதற்குச் சிரிக்கிறான். “ஏண்டா பறக்கற? பாஸ் எடுத்துட்டு ஒரு காபி சாப்ட்டுட்டு வந்து அனுப்பேன்.” நக்கல்.

7 ஜூலை
நான் பக்கத்தில் போனதும் திரையைத் திருப்பிக்கொண்டான். வரிசையை ஏதோ மாற்றிக்கொண்டிருந்தான், பார்த்துவிட்டேன்.

“என்னடா அது?”

“ஒண்ணுமில்லடா.”

ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குத் திருப்பணும்? துறையில் காலியாக இருப்பது ஒரே லெக்சரர் வேலை. இருபதாம் தேதிக்குள் தீஸிஸ் கொடுத்தவனுக்குத்தான். நானும் கேட்டிருக்கிறேன், அவனும் கேட்டிருக்கிறான். இது இத்தனை நாள் எனக்கு ஏன் உறைக்கவில்லை?

10 ஜூலை
பஸ்ஸில் அவன் பிடித்துவைத்த இடத்தில் நான் உட்காரவில்லை. பின்னால் நின்றுகொண்டே வந்தேன். அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். குற்றமுள்ள நெஞ்சு!

12 ஜூலை
ஸுபத்ரா மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர்தான் எங்கள் துறைத் தலைவர். “வரிசையில கை வைக்கிறான் மேடம். என் கண்ணால பாத்தேன்.”

13 ஜூலை
ஷெட்யூலர் பொறுப்பை அவனிடமிருந்து எடுத்துவிட்டார்கள். தொலைந்தது சனியன் என்று அனுப்பினேன்.

எல்லாம் திரும்பி வந்தது. இப்போதுதான் அவன் கையே அதில் இல்லையே?

14 ஜூலை
பெங்களூர் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் கமலாட்சிக்குப் போன் போட்டேன். “சார், உங்க பாஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இப்ப மணி பத்து. அதுல பத்து பத்துலேருந்து செல்லும்னு இருக்கு. உங்க சர்வர் கடிகாரம் சரியா?”

என் வாட்சைப் பார்த்தேன், சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தேன். சர்வரோடு அச்சாகப் பொருந்தின. பொருந்தாமல் என்ன? இந்த ஊரில் எந்தக் கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கிறோம்? முகூர்த்தம் தப்பக்கூடாது, பஸ் போய்விடக்கூடாது என்று எல்லாமே பத்து நிமிஷம் முன்னால்தான் ஓடுகிறது.

மயில்வாகனம் அண்ணன், “செவுத்து கடியாரத்த பாத்துதான்பா சர்வர்ல டைம் வச்சேன். எல்லாரும் அதத்தானே பாத்துக்கினு இருக்கீங்க?” என்கிறார்.

வாசுதேவ் பாஸ் எடுத்துவிட்டுக் கான்டீன் போய்க் காபி குடித்துவிட்டு வந்துதான் எதையும் அனுப்புவான். என்றைக்கும் அவன் பழக்கம் அது. அதற்குள் பத்து நிமிஷம் ஓடிவிடும். நக்கல் இல்லை. ஐயோ.

17 ஜூலை
மேடத்திடம் போய் அவன்மேல் தப்பில்லை என்றேன்.

“நீ சொன்னது சரிதான் குமரகுரு. ஏழாம் தேதி வரிசைய மாத்தியிருக்கான். தன்னோடதயெல்லாம் கடைசிக்குத் தள்ளி, உன்னோடத முதல்ல வச்சிருக்கான். யாருக்காகப் பண்ணா என்னப்பா? பண்ணது பண்ணதுதான். பொறுப்பத் திருப்பித் தர முடியாது.”

வெளியே வந்து நின்றேன். நான்லாம் ஒரு மனுஷனா?

20 ஜூலை
சர்வர் கடிகாரத்தைத் திருத்தியதும் என் கணக்குகள்தான் முதலில் ஓடி முடிந்தன. தீஸிஸ் கொடுத்துவிட்டேன். வாசுதேவ் கொடுக்கவில்லை. அவன் கடைசிக்குத் தள்ளிய கணக்குகள் இன்னும் முடியவில்லை.

லேப் கடிகாரத்தைச் சரியாக வைத்ததில், இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்ற பழைய நினைப்பில் பாதிப் பேர் பஸ்ஸை விட்டார்கள். நான் ஓடி ஏறினேன். அவன் பக்கத்து இடத்தில் அவன் பை இருந்தது. கிட்டே போய் “டேய்” என்றேன். நிமிர்ந்து பார்த்தான். பையை எடுக்கவில்லை.

சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தேன்.