லூக்காவின் தாய்க்கு என்ன சொல்வது

ஏப்ரல் 25, 2006. செவ்வாய்

தூறல். ஹீற்றரை நிறுத்தலாமா விடலாமா என்ற குளிர். பெரிய சட்டி கழுவியாயிற்று.

நாளை லூக்காவின் தாய் இத்தாலியிலிருந்து வருகிறார். மகனோடு நாலைந்து நாள் நிற்பாராம். எங்கள் மகள் தர்ஷியைப் பார்க்கத்தான் வருகிறார், எனக்குத் தெரியாதா?

தர்ஷியின் அப்பாவுக்கும் எனக்கும் இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. "தாய்க்குத் தாய் நீயே பக்குவமாச் சொல்லி நிப்பாட்டு" என்று என் தலையில் கட்டிவிட்டுப் பெற்றோல் ஸ்டேசன் ஷிப்டுக்குப் போய்விட்டார். வெள்ளி மத்தியானம் அந்த மனுசி சாப்பிட வரும்போது சொல்வதாக முடிவு. அவருக்கு இங்கிலிஷும் அரைகுறை. லூக்காவிடம் இத்தாலியன் பழகிய தர்ஷிதான் மொழிபெயர்க்க வேண்டும். அவளை வைத்தே அவளுடைய கலியாணத்தை நிறுத்துவதா?

ஏப்ரல் 27. வியாழன்

வெயில். நித்திரை இல்லை.

மனுசி, தர்ஷி, நான், எட்மண்டன் சந்தைக்கு. நாளைய சமையல் தன்னுடையதாம். என் வீட்டில்! தக்காளியை எடுத்து முகர்ந்தார், முகத்தைச் சுளித்துத் திரும்ப வைத்தார். "இப்ப தக்காளிக் காலம் இல்லையாம் அம்மா. ஜூலையிலதானாம்." கடைக்காரன் தொடாதே என்று கத்த, இவர் இத்தாலியனில் திருப்பிக் கத்த, எனக்குச் சிரிப்பு. அப்டன் பார்க்கில் கத்தரிக்காய் பொறுக்கும்போது நானும் இப்படித்தான் பேச்சு வாங்குவேன்.

ஆர்ட்டிச்சோக் என்று ஒரு பை நிறைய வாங்கினார். மடல் மடலாக, கையடக்க வாழைப்பூ. இந்த மாதம்தான் இளசாம்.

மனுசியைப் பிடித்துத் தொலைக்கிறது. நாளை எந்த வாயால் வேண்டாம் என்பேன்? அம்மாளாச்சி!

ஏப்ரல் 28. வெள்ளி

விடிய முதலே எழும்பிவிட்டேன். பத்து மணிக்கே லூக்காவோடு வந்துவிட்டார். பையில் ஒலிவ் எண்ணெய், சீஸ், பன்றி இறைச்சித் துண்டு.

"இண்டைக்கு வெள்ளி, மச்சம் ஏலாதெண்டு சொல்லு பிள்ளை."

சொன்னாள். மறு பேச்சில்லை, இறைச்சி திரும்பப் பைக்குள். நல்ல மனுசி.

ஆர்ட்டிச்சோக்கின் வெளி மடல் கழித்து, நடுவிலுள்ள பூனைமயிரைச் சுரண்டி, கறுக்காமல் எலுமிச்சைத் தண்ணீரில் போட்டேன். நாங்கள் வாழைப்பூவை மோரில் போடுவோம், அவ்வளவுதான். சொல்லாமலே நான் செய்ததைக் கண்டு கன்னத்தில் கொஞ்சினார். தர்ஷி வெட்டியதில் பாதி குப்பைக்கு. நானும் அவளுக்கு ஏசினேன்.

சாப்பாட்டு மேசை. நான் வாய் திறக்க முதல் அவர் லூக்காவிடம் இத்தாலியனில் நீளமாக ஏதோ. அவன் தலையைக் குனிந்தான். தர்ஷியின் முகம் செத்துவிட்டது.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை அம்மா."

"சொல்லெண்டு சொல்லுறன்."

"நான் நல்ல பிள்ளைதானாம். ஆனா அவனுக்குச் சரிவராதாம். ஒண்டும் சமைக்கத் தெரியாதாம். தங்கட ஊர்ப் பிள்ளைதான் வேணுமாம்."

நான் சொல்ல வந்ததும் அதுதானே. ஓமென்று தலையாட்டியிருந்தால் அலுவல் முடிந்திருக்கும்.

எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். என் பிள்ளைக்கு என்ன குறை? நான் சொல்லலாம், இவர் யார் சொல்ல? "மை டோட்டர் நோ குக், யுவர் சன் குக்!" மேசையில் தட்டியும்விட்டேன். லூக்கா சிரிக்கப்பார்த்து, தாயைக் கண்டு அடக்கினான். மனுசி என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு கரண்டி ஆர்ட்டிச்சோக் போட்டார். என்ன அர்த்தமோ, கடவுளே.

போய்விட்டார்கள். தர்ஷி கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். "அப்ப உங்களுக்கு ஓமா அம்மா?"

ஓம் என்று வந்துவிட்டது வாயில்.

வாசலில் திறப்புச் சத்தம். ஷிப்ட் முடிந்து தர்ஷியின் அப்பா. சப்பாத்தைக் கழற்ற முதலே குரல்:

"என்ன, நிப்பாட்டிட்டியோ?"