அந்தக் கால் படம்

என்னங்க,

நான் நடத்தும் இனிப்புநீர் நோயாளிகள் வகுப்பில் உங்களைக் கேட்காமல் உங்கள் வெட்டி எடுத்த காலின் படத்தைக் காட்டினேன் என்றுதானே கோபித்துக்கொண்டு அம்பாங்கில் உங்கள் தங்கை வீட்டுக்குப் போனீர்கள்? அந்தப் படத்தை வகுப்பிலிருந்து நீக்கிவிட்டேன்.

இன்று கிள்ளான் கோயில் மண்டபத்து வகுப்பில் ஓர் அக்கா கேட்டார்: "அந்தக் கால் படம் எங்க மிஸ்? அதப் பார்த்துதான் எங்க வீட்டுக்காரரு புண்ணக் காட்ட கிளினிக் போனாரு லா."

சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. "தினமும் வீட்டிலுள்ளவர்களின் பாதத்தைப் பாருங்கள்" என்று பதினோரு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்கிறேன்.

வேளாவேளைக்கு மருந்து சாப்பிடுங்கள்.

ஒன்று சொல்லவில்லை. உங்கள் காலை எடுப்பதற்கு முந்தைய மாதம் முழுவதும் உங்கள் காலுறையில் இருந்த கறையை நான்தான் தேய்த்துத் துவைத்தேன். வேலையிடத்துச் செம்மண் என்று நினைத்தேன்.

உங்கள் மனைவி