ஆறாத புண்ணும் அதிகமான வெள்ளணுக்களும்

திருவள்ளூர்,
8.1.2007

அன்புள்ள தம்பி வீரராகவனுக்கு,

நானும் வீடும் நலம். போனில் கூப்பிட்டால் “ரோலிங் மில் சத்தத்துல ஒண்ணும் கேக்கலக்கா” என்று வைத்துவிடுகிறாய். நீ வீட்டில் இருக்கும் நேரத்தில் கூப்பிட்டாலும் அதே சத்தம். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் உள்ளங்காலைப் பார்த்தேன். “ஷூ கடிச்சதுக்கா, வலியே இல்ல” என்றாய். வலி இல்லாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சர்க்கரை உன் நரம்பை மழுங்கடித்திருக்கிறது. புண்ணில் கிருமி நுழைந்தால் வெள்ளணுக்கள் காவல்காரர்கள் மாதிரி ஓடிவந்து சண்டை போடும். அவற்றின் வேலையை நீ கெடுக்காதே. ஷூவைக் கழற்று. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு டாக்டரைப் பார். காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று கேள்.

அன்புடன்,
அக்கா குணசுந்தரி


கும்மிடிப்பூண்டி,
16.1.2007

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. பொங்கலில் நான் ஒரு வாய்தான் சாப்பிட்டேன், நம்பாவிட்டால் என் பெண்டாட்டி இளமதியைக் கேட்டுக்கொள்.

ரத்தம் கொடுத்தேன். வெள்ளணு பதினாறாயிரமாம். லேபில் இருந்த பெண், “இன்னாண்ணா, இவ்ளோ கீது?” என்றது. “எங்க அக்கா சொன்ன காவல்காரங்கம்மா, கும்பலா வந்துக்கினு கீறாங்க” என்றேன். சிரித்துவிட்டது. படை இவ்வளவு பெரிதாக இருக்கும்போது டாக்டர் எதற்கு? போகவில்லை.

ஷூ இல்லாமல் இரும்பு ஆலைக்குள் விடமாட்டார்கள். புண் என்று வாய் திறந்தால் காண்ட்ராக்டர் துளசிராமன் அன்றைக்கே வேறு ஆள் போட்டுவிடுவார். நீ அரசாங்கக் கல்லூரிச் சம்பளம், உனக்குப் புரியாது.

தை அமாவாசைக்கு உங்கள் ஊர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கிறேன் என்று இளமதி வேண்டிக்கொண்டிருக்கிறாள். நோய் கரைந்துபோகுமாம். வருகிறோம். கத்தாதே.

தம்பி,
வீரா


திருவள்ளூர்,
20.1.2007

அன்புள்ள வீரா,

நேற்று இளமதி எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. சர்க்கரைக்காரனுக்காக வெல்லம் கரைப்பது உங்களுக்கும் பெருமாளுக்கும் உள்ள விவகாரம். ஆனால் திறந்த புண்ணோடு முழங்கால் தண்ணீரில் நின்றாயே! அத்தனை ஜனம் குளித்த தண்ணீரில்!

காவல்காரர்கள் என்று நான் எழுதியதில் பாதியைத்தான் நீ எடுத்துக்கொண்டாய். மீதியைக் கேள். நல்ல உடம்பில் வெள்ளணுக்கள் சண்டை முடிந்ததும் குப்பையை அள்ளி, புதுச் சதை வளர உதவும். சர்க்கரை உடம்பில் அந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை. சண்டையிலேயே நின்றுவிடுகின்றன. அதனால்தான் உன் புண் மூடவில்லை. அதே அணுக்கள் ரத்தக்குழாயின் சுவருக்குள்ளும் புகுந்து, கொழுப்பைத் தின்று உப்பி, அங்கேயே தங்கிவிடுகின்றன. சுவர் தடிக்கிறது, வழி குறுகுகிறது. ரத்தம் போகாத பாதம் செத்துப்போகும். எண்ணிக்கை ஏறியிருந்தால் கலவரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம், ஜெயித்துவிட்டாய் என்று அல்ல.

இந்த அணுக்களைத் திருத்த மருந்து இருக்கிறதா என்றால், இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். நடக்காததை உனக்குச் சொல்லமாட்டேன். அடைப்பைத் திறக்க வழி உண்டு, நேரத்தோடு போனால். செவ்வாய்க்கிழமை சென்னையில் ரத்தக்குழாய் டாக்டரிடம் உன் பெயரைப் பதிந்திருக்கிறேன். சென்ட்ரலில் நிற்கிறேன். வா.

அக்கா


திருவள்ளூர்,
25.1.2007

வீரராகவனுக்கு,

செவ்வாய்க்கிழமை கல்லூரிக்கு லீவு போட்டு, மதியம் வரை சென்ட்ரலில் நின்றேன். கும்மிடிப்பூண்டி வண்டி ஒவ்வொன்றாக வந்து காலியானது. இளமதிக்குப் போன் செய்தால், “அவரு காலையிலியே டூட்டிக்குப் போய்ட்டாரு அண்ணி, உங்களாண்ட சொல்லலியா?” என்கிறாள்.

முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வருடமாகப் பாடம் சொல்கிறேன். அவர்கள் மார்க்குக்காகவாவது கேட்கிறார்கள். இனி உனக்கு எழுதமாட்டேன்.

குணசுந்தரி


சென்னை,
6.2.2007

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமாக இருப்பாய். அன்றைக்கு ஆள் குறைவு என்று துளசிராமன் கூப்பிட்டார், போய்விட்டேன். நான்கு நாள் முன்பு குளிர்காய்ச்சல் வந்து மில்லிலேயே விழுந்தேன். யேசுதாஸ்தான் இங்கே ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தான். என்னோடு வேலை செய்கிறவன், இந்தக் கடிதம் கொண்டுவருகிறவன்.

பாதம் கறுத்துவிட்டது. ரத்தக்குழாய் படம் எடுத்துக் காட்டினார்கள். முழங்காலுக்குக் கீழே குழாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்கிறார் டாக்டர். கையெழுத்து கேட்கிறார்கள். “கால் இல்லாத மனுசன எவன் வேலைக்கு வெச்சிக்குவான்?” என்று இளமதி அழுகிறாள். என் இடத்தில் ஏற்கெனவே ஆள் போட்டாயிற்றாம்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீ போடு என்றால் போடுகிறேன். விளக்கம் எழுதாதேக்கா. யேசுதாஸ் காத்திருப்பான்.

வீரா


திருவள்ளூர்,
6.2.2007

வீரா,

போட்டுவிடு. கால் போகட்டும், நீ இரு.

யேசுதாஸுடன் நானும் கிளம்புகிறேன். அதனால் இந்தக் காகிதம் எனக்கு முன்னால் வந்து சேராது. இருந்தாலும் எழுதிக் கையில் வைத்துக்கொள்கிறேன். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு ஏதாவது சொல்லத் தோன்றிவிட்டால், இதைத்தான் நீ கேட்க வேண்டும்.

அக்கா