வேலியின் மேல்பக்கம்

அண்ணா, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் வாடை போகவில்லை. பாக்ஸ்வுட் செடியை வெட்டினால் பூனை மூத்திரம் போல ஒரு நெடி வரும். உனக்குத் தெரியாததல்ல. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே அதை வேலியாக நட்டவனே நீதான். இன்று காலை முதல் தடவையாக உன் பக்கத்தில் நின்று வெட்டினேன்.

மதினிதான் கூப்பிட்டாள். "தம்பி, நாளைக்கு அவருக்க வருசத் திவசம். ஆளுக வருவாங்க. காடு மாதிரி கெடக்கு, கொஞ்சம் வெட்டித் தாங்களேன்." நான் செய்தித்தாளைத் திருப்பினேன். "பின்னே, செத்தவருகிட்டயுமா சண்டை?" என்றாள். கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன்.

அப்பா போன பிறகு, நம் வீடுகள் நிற்கும் இந்தக் கரமனை மனையைச் சொந்தக்காரர்களை உட்கார வைத்து நீ பங்கு பிரித்தாய். நாக்பூரிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. முன்பாதி உனக்கு, மழை பெய்தால் தண்ணீர் கட்டும் பின்பாதி எனக்கு. "நாக்பூர்ல கெடக்கவனுக்கு முன்பக்கம் எதுக்கு?" என்று நீ கேட்டாயாம். சித்தப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். முன்பாதி போனதுகூடப் பெரிதில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'உன்னக் கேட்டிருக்கணும்டே' என்று நீ ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனை வருடம் காத்திருந்தேன்.

நான் வீடு கட்டி வந்து மதில் வேண்டும் என்றேன். "மதில் கெட்டினா ஊரு சிரிக்கும். செடி போதும்" என்று பொன்முடிச் சாலையில் ஒரு நர்சரியிலிருந்து நாற்றுகளை வாங்கி வந்து நட்டாய். அதற்கும் என்னைக் கேட்கவில்லை.

வேலி ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. உன் பக்கத்தை நீயும் என் பக்கத்தை நானும் வெட்டினோம். தகராறு மேல்பக்கத்தில்தான். உன் பாதியை நீ ஒரு விரல் தாழ்த்தி வெட்டுவாய். நடுவில் படிபோல நிற்கும். அதைச் சமப்படுத்த வந்த நான், வீம்புக்கு இன்னொரு விரல் குறைப்பேன். அடுத்த தடவை நீ அதற்கும் கீழே போவாய். பாக்ஸ்வுட் மெல்ல வளரும் செடி. நம் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. முதலில் உன் நரைத்த தலை தெரிந்தது, பிறகு கண்ணாடி, பிறகு வாய். "ரெண்டு பேரும் சண்ட போட்டுச் செடிக்குல்லா மொட்ட அடிக்கீங்க" என்று மதினி அடுக்களை ஜன்னலிலிருந்து சிரிப்பாள். நமக்குச் சிரிப்பு வந்ததில்லை.

கடைசித் தடவை வேலி நெஞ்சு உயரத்தில் இருந்தது. உனக்கு மூச்சு வாங்கியது. கத்தரியைத் தாழ்த்தி நேராக என் முகத்தைப் பார்த்தாய். "போதும்டே. இனியும் வெட்டினா பட்டுப் போவும்." பிறகு, "நீ என்ன சொல்லுத?" என்றாய்.

உன் வாழ்நாளில் நீ என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அன்றுதான். "உன் இஷ்டம்" என்றேன். நீ கொஞ்ச நேரம் நின்றாய். வேறு ஏதோ வரும் என்று நானும் நின்றேன். வரவில்லை. உள்ளே போய்விட்டாய். அந்த மாதமே உன் இதயம் நின்றது.

செடியைப் பற்றித்தான் கேட்டாயா? அப்படியென்றால் பதிலுக்கு ஏன் அவ்வளவு நேரம் காத்து நின்றாய்? வேறெதையோ கேட்டாய் என்றால், அதைத் திறந்து சொல்ல உனக்கு என்ன கேடு? ஒரு வருடமாக இதை மனதில் போட்டு உருட்டுகிறேன். உன்மேல் கோபம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

இன்று உன் பக்கத்தை ஒழுங்காக வெட்டினேன். மேல்பக்கத்தைத் தொடவில்லை. "அத ஏன் விட்டீங்க?" என்று மதினி கேட்டாள். "வெயில் ஏறிட்டு, இல கருகிரும்" என்றேன். அவள் நம்பவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நாளை திவசச் சாப்பாட்டில் எல்லோரும் உன்னைப் புகழ்வார்கள். பங்கு பிரித்ததில்கூட நீ நியாயவான் என்று சித்தப்பா சொல்லாமல் இருக்க மாட்டார். இதுவரை அவர் அதைச் சொன்ன ஒவ்வொரு இடத்திலும் நான் எழுந்து மறுத்திருக்கிறேன். நாளை இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிடுவேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.